சீனியம்மா தலையாட்டிய பக்கங்கள்

உக்காருங்க சார். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. விருது விழா மலருக்கு எழுதணும்னு ஆபீஸ்ல இருந்து நேத்தே போன் பண்ணினாக. சிறந்த தன்னார்வ ஆசிரியை, மரகதவல்லி, நத்தப்பட்டி வயது வந்தோர் எழுத்தறிவு மையம், எட்டு வருசச் சேவை. எல்லாம் அவுககிட்டயே இருக்கும். இருபத்தி மூணு பயிற்சி சார். இருபத்தி மூணுக்கும் சான்றிதழ் இருக்கு, லேமினேட் போட்டு மாட்டியிருக்கேன் பாருங்க. அதுல பதினொண்ணு நான் போய்க் கத்துக்கிட்டது, மிச்சம் பன்னெண்டும் நான் கருத்தாளரா இருந்து மத்தவங்களுக்குச் சொல்லிக் குடுத்தது. இந்த ஒன்றியத்துல வேற யாருக்கும் இத்தனை கிடையாது, விசாரிச்சுப் பாத்துக்கிடுங்க.

அந்த போன்ல ரெக்கார்டு பண்ணிக்கிட்டிருந்தா மட்டும் அணைச்சிருங்க. கோவிச்சுக்கிடாதீங்க. பேப்பர்ல எழுதுங்க, பரவாயில்ல. எழுதணும்னு தோணுறதை எழுதுங்க. நான் சொல்லப்போறது மலர்ல போடுற விசயமான்னு எனக்கே தெரியல.

உங்க தாள்ல ஆறாவது கேள்வி இருக்கு பாருங்க, "உங்கள் மையத்தில் பயின்று வாழ்க்கை மாறிய ஒருவரைப் பற்றிக் கூறுக". அந்தக் கேள்வி நேத்து போன்ல வந்ததுல இருந்து எனக்குச் சோறு இறங்கல. ஏன்னா ஆபீஸ்ல எல்லாரும் சீனியம்மா பேரைத்தான் சொல்லி அனுப்பியிருப்பாக. கலெக்டர் முன்னால வாசிச்சவ. பேப்பர்ல போட்டோ வந்துச்சு. நீங்களும் பாத்திருப்பீங்க.

சீனியம்மா வீட்டுக்காரரு பெயிண்டர் அழகர்சாமி. சுவர் விளம்பரம், கடை போர்டு, கட்சி எழுத்து, எல்லாம் அவர்தான். நம்ம மையத்து வாசல்ல இருக்கிற போர்டும் அவரு எழுதினதுதான், காசு வாங்கல. அப்படி ஒரு கையெழுத்து. ஊர்ச் சுவர் பூரா எழுதி வச்ச மனுசன், கட்டுன பொண்டாட்டிக்கு அ எழுதத் தெரியாது. சொல்லிக் குடுக்கப் பாத்தாராம். மூணாம் நாளே பலகையைத் தூக்கி எறிஞ்சுட்டாராம், அவ்வளவு முன்கோபம். பிள்ளை குட்டி இல்ல. வீட்டுல அவுக ரெண்டு பேருதான்.

அந்த மனுசனுக்குத் தொண்டையில புத்துநோய் வந்துச்சு. குரல்வளையையே எடுத்துட்டாக. கழுத்துல ஒரு ஓட்டை, அதை மறைக்க ஒரு துண்டு. பேச்சு போச்சு. காது நல்லா கேக்கும், பேச முடியாது. நாற்பது பக்க நோட்டு ஒண்ணு வாங்கி வச்சுக்கிட்டு எழுதிக் காட்டுவாரு. பக்கத்து வீட்டுத் தங்கப்பழம் வந்து வாசிச்சுச் சொல்லும். புருசன் பொண்டாட்டிக்குள்ள பேசுற பேச்சையெல்லாம் அடுத்த வீட்டுப் பொம்பளை வாயால கேக்கணும்னா எப்படி இருக்கும்? அதான் சீனியம்மா என்கிட்ட வந்தா. "டீச்சர், எனக்குப் பேப்பர் வாசிக்க வேண்டாம், பட்டா வாசிக்க வேண்டாம். எங்க வீட்டுக்காரரு எழுதுறதை மட்டும் வாசிச்சாப் போதும்"னா. நாப்பத்தெட்டு வயசு. தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிட்டு, கையில மருந்து வாடையோட வந்து உக்காருவா. ஒரு நாள் தவறமாட்டா.

மண்டையில ஏறலைன்னு சொல்லமாட்டேன் சார். ஏறுச்சு, மெதுவா ஏறுச்சு. ஒரு வருசம் விட்டிருந்தா கண்டிப்பா வாசிச்சிருப்பா. அதுக்குள்ள கலெக்டர் வாராருன்னு சொல்லிட்டாக.

மாதிரி வகுப்பு நடத்தணும், மாவட்டத்துலயே நம்ம மையத்தைத்தான் தேர்ந்தெடுத்திருக்குன்னு சொன்னாக. எனக்கு மூணு வாரம் டைம். இருபது பேர்ல யாரை வாசிக்க வைக்கிறது? நல்லா வாசிக்கிற ரெண்டு பேரு கல்யாணத்துக்குப் போயிட்டாளுக. சீனியம்மாவுக்குக் கணீர்னு குரல். பயப்படமாட்டா. நான் அவளைப் பிடிச்சு ஒன்பதாம் பாடத்தை, "குடிதண்ணீர்" பாடம், மொத்தம் ஆறு வரி, அப்படியே மனப்பாடம் பண்ண வச்சேன். ஒரு வார்த்தைக்கு ஒரு தடவை விரலை நகத்து. வரி முடிஞ்சா மூச்சு வாங்கு. நடுவுல ஒரு இடத்துல லேசாத் தடுமாறு, அப்பதான் நிஜமா இருக்கும். ஆமா சார், தடுமாறுறதுக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தேன். புஸ்தகத்தை அந்தப் பக்கத்துலயே மடக்கி மடக்கி வச்சு, எடுத்தா அங்கதான் திறக்கும், அப்படிப் பண்ணி வச்சேன்.

நீங்க முகத்தை அப்படி வைக்காதீங்க. எல்லா மையத்துலயும் நடக்குறதுதான். பரீட்சையன்னைக்கு விடைத்தாள்ல பாதியை யாரு எழுதுறாகன்னு நினைக்கிறீங்க? மேல இருந்து நூத்துக்கு நூறு வேணும்னு கேக்குறாக, நாங்க என்ன பண்ணுவோம்?

அன்னைக்கு அழகர்சாமி வந்திருந்தாரு. கழுத்துல சலவைத் துண்டைச் சுத்திக்கிட்டு, பின்னால சுவரோரமா நின்னாரு. சீனியம்மா எந்திரிச்சு நின்னா. ஆறு வரி. ஒரு பிசகு இல்ல. நான் சொல்லிக் குடுத்த இடத்துல சரியாத் தடுமாறினா. கலெக்டர் கை தட்டினாரு, எல்லாரும் தட்டினாக. எனக்கு மனசு குளுந்து போச்சு. திரும்பிப் பாத்தா அந்த மனுசன் துண்டை எடுத்து முகத்துல பொத்திக்கிட்டு நிக்கிறாரு. குலுங்கிக் குலுங்கி அழுகுறாரு, சத்தமே வரல. கழுத்து ஓட்டை வழியா காத்து மட்டும் வருது.

அதுக்கப்புறம் சீனியம்மாவுக்குச் சான்றிதழ் வந்துச்சு. பேரு "முடித்தவர்" பட்டியல்ல ஏறிருச்சு. எனக்கு ஒன்றியக் கருத்தாளர் பொறுப்பு வந்துச்சு. எல்லாருக்கும் நல்லதுதானே? அப்படித்தான் நினைச்சேன்.

ஒரு மாசம் கழிச்சு வந்தா. "டீச்சர், நான் திரும்ப வந்து உக்காந்துக்கிடுறேன்"னா. ஏன்டின்னேன். "அவரு தங்கப்பழத்தை வர வேண்டாம்னுட்டாரு டீச்சர். என் பொண்டாட்டியே வாசிப்பான்னு எழுதிக் காட்டி அனுப்பிட்டாரு. இப்பப் பக்கம் பக்கமா எழுதுறாரு. முன்னால சைகை காட்டுவாரு, இப்ப அதுவும் இல்ல. எழுதி நீட்டுறாரு. நான் பாத்துட்டுத் தலையாட்டுறேன். அங்கொண்ணும் இங்கொண்ணுமா எழுத்து தெரியுது, சேத்து வாசிக்க வரல. அவர்கிட்டச் சொல்ல வாய் வரமாட்டேங்குது டீச்சர். அன்னைக்கு அழுதாரே, அதைப் பாத்த பெறகு எப்படிச் சொல்ல? ஊர்ல யார்கிட்டயும் கேக்கவும் முடியல. கலெக்டர் முன்னால வாசிச்சவன்னு கடைக்காரன்கூடச் சொல்லுதான்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உன் பேரு முடித்தவர் பட்டியல்ல இருக்கு சீனியம்மா. புதுசா இருபது பேரு எழுதியாச்சு. ஆய்வுக்கு வாறவுக உன்னைப் பாத்தா, முடிச்சவ ஏன் அ, ஆ எழுதிக்கிட்டு இருக்கான்னு கேப்பாக. கொஞ்ச நாள் போகட்டும்"னேன். சரிங்க டீச்சர்னு போயிட்டா. மறுபேச்சு பேசத் தெரியாதவ. அவ மறுத்துப் பேசியிருந்தா, என்னைப் போட்டு ஏசியிருந்தா, நானும் கொஞ்சம் யோசிச்சிருப்பேன்.

மார்ச்ல அஞ்சு நாள் பயிற்சி. டவுன்ல தங்கிப் பண்றது. நான்தான் முக்கியக் கருத்தாளர். தலைப்பு என்னன்னு கேக்குறீங்களா? "கற்போரின் தேவையறிந்து கற்பித்தல்". சிரிங்க சார், சிரிக்கணும்னா சிரிங்க. திங்கக்கிழமை காலையில பஸ் ஸ்டாப்புல நிக்கிறேன். ரெண்டு கையிலயும் சார்ட் சுருள், தோள்ல பை. சீனியம்மா ஓடி வாரா. கையில அந்த நோட்டு. "டீச்சர், இந்த ஒரு பக்கம் மட்டும் பாருங்க. நேத்து சாயங்காலம் எழுதினாரு. எழுதிட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தாரு. ஏதோ முக்கியமான விசயம் டீச்சர்."

பஸ் வந்துருச்சு சார். சத்தியமா வந்துருச்சு. அடுத்த பஸ் பதினொண்ணரைக்குத்தான். தொடக்க விழா பத்து மணிக்கு. "அஞ்சு நாள்தான் சீனியம்மா, வெள்ளிக்கிழமை வந்ததும் உக்காந்து நிதானமா வாசிக்கிறேன்"னு சொல்லிட்டு ஏறிட்டேன். கையில சுருள் இருந்துச்சு. நோட்டை வாங்க முடியல. அவ விரிச்சுத்தான் நீட்டினா. நான்தான் அந்தப் பக்கம் கண்ணைத் திருப்பல. ஏன்னா கண்ணுல பட்டா வாசிச்சிருவேன், வாசிச்சா நிக்கணும். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்குறேன், தெருவுல பூ கிடக்கு. விடிகாலையில உயிர் போயிருச்சாம். மதியமே எடுத்துட்டாக.

பத்து நாள் கழிச்சு அவ வீட்டுக்குப் போனேன். நோட்டை எடுத்து வந்து என் மடியில வச்சா. "இனி அவசரம் ஒண்ணும் இல்ல டீச்சர். என்ன சொன்னாருன்னு மட்டும் வாசிச்சுச் சொல்லுங்க"ன்னா. நான் திறந்தேன். பஸ் ஸ்டாப்புல நீட்டுனது இதுதான்னு அவளே ஒரு பக்கத்தைத் தொட்டுக் காட்டினா. அச்சடிச்ச மாதிரி எழுத்து.

"சின்னவனை வரச் சொல்லு. கோவமெல்லாம் போச்சு. ஒரு தடவை பாக்கணும்."

சின்னவன்னா அவரு கூடப் பிறந்த தம்பி. ராஜபாளையத்துல மில்லுல இருக்காரு. வீட்டைப் பிரிச்சதுல தகராறு, பதினோரு வருசமாப் பேச்சு வார்த்தை இல்ல. அடுத்த பக்கத்தைத் திருப்புனேன். "சொல்லி விட்டியா?" அதுக்கு அடுத்த பக்கம். "வரேன்னானா?" அதுக்கு அடுத்தது. "வரமாட்டேன்னுட்டானா?"

எல்லாத்துக்கும் இவ தலையாட்டியிருக்கா சார். சொல்லி விட்டியான்னு கேட்டா ஆமா. வரமாட்டேன்னுட்டானான்னு கேட்டா அதுக்கும் ஆமா.

அதுக்கு மேல எனக்குத் திருப்பக் கை வரல. நோட்டை மூடிட்டேன். சீனியம்மா என் வாயையே பாத்துக்கிட்டிருக்கா. "சத்தமா வாசிங்க டீச்சர்"னா. நான் வாசிச்சேன். மறுபடி திறந்து வச்சுக்கிட்டு, இல்லாததை வாசிச்சேன். "நீ கலெக்டர் முன்னால வாசிச்சது எனக்கு ரொம்பப் பெருமை. எனக்கு ஒரு குறையும் இல்ல. நல்லா இரு"ன்னு எழுதியிருக்காருன்னேன். அவளுக்குக் கண்ணுல தண்ணி கொட்டுது. அப்புறம் கேட்டா, "டீச்சர், சின்னவரைப் பத்தி ஏதும் எழுதியிருக்காரா? அவரு எழவுக்கு வந்து தலையில அடிச்சுக்கிட்டு அழுதாரு. எனக்கு ஒரு வார்த்தை சொல்லி விடலியே மதினின்னு கேட்டாரு. நான், அவரு உங்களைக் கேக்கவே இல்ல கொழுந்தனாரேன்னு சொல்லிட்டேன். அந்த மனுசன் முகம் செத்துப் போச்சு. ஏதாவது எழுதியிருந்தா சொல்லுங்க, போய்ச் சொல்லிட்டு வாரேன்."

இல்லன்னுட்டேன்.

அவ தாங்கமாட்டாளேன்னுதான் சொன்னேன். அப்படித்தான் இத்தனை நாளா எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஆனா சார், பயம். அன்னைக்கு பஸ் ஸ்டாப்புல நீங்க ஒரு பார்வை பாத்திருந்தா அவரு தம்பியைப் பாத்திருப்பாரேன்னு அவ கேட்டுட்டான்னா? அந்தப் பயம்தான்.

இதோட முடிஞ்சிருக்கணும். சீனியம்மா விடல. "அவரு எழுத்தை நானே வாசிக்கணும் டீச்சர், இன்னும் எத்தனையோ பக்கம் இருக்கு"ன்னு கீழூர் மையத்துக்குப் போக ஆரம்பிச்சுட்டா. மூணு கிலோமீட்டர் நடை. அங்க ஜெபமணின்னு ஒரு பொண்ணு நடத்துது. ஒரு பயிற்சிக்கு வந்ததில்ல. ஒரு சார்ட் எழுதத் தெரியாது. பதிவேடு பாத்தீங்கன்னா சிரிப்பீங்க. நான் அந்தப் பொண்ணுக்கு போன் போட்டேன். "சீனியம்மா ஏற்கெனவே முடிச்சவ, நீ அவ பேரைச் சேத்தா ஆய்வுல உனக்குத்தான் சிக்கல்"னேன். அக்கறையாத்தான் சொன்னேன்னு வச்சுக்கிடுங்களேன். அது, "பேரு எதுக்கு டீச்சர்? சும்மா வந்து உக்காரட்டும். அவுக வீட்டு நோட்டையே பாடமா வச்சுக்கிடலாம்னு பாத்தேன், அக்காதான் அதை இப்ப வேண்டாம், கடைசியா வாசிச்சுக்கிடுறேன்னு சொல்லுதாக"ன்னுச்சு.

ஏழு மாசம் சார். எட்டு வருசமா எழுத்துச் சொல்லிக் குடுக்குறவ நான். ஒருத்தி எழுத்துக் கத்துக்கிடக் கூடாதேன்னு ஏழு மாசமா சாமியைக் கும்பிட்டேன். கடைத்தெருவுல அவ போர்டு பாத்து உதட்டை அசைச்சுக்கிட்டு நின்னா நான் வேற தெரு வழியாப் போயிருவேன். இந்த லட்சணத்துல எனக்கு விருது.

போன வியாழக்கிழமை காலையில வந்தா. இங்கதான், இப்ப நீங்க உக்காந்திருக்கிற இடத்துல உக்காந்தா. "டீச்சர், ஜெபமணி நான் வாசிச்சிருவேன்னு சொல்லுச்சு. முதல் முதல்ல உங்க முன்னாலதான் வாசிக்கணும்னு எடுத்துட்டு வந்தேன். நீங்கதான எனக்கு ஆரம்பிச்சு வச்சது"ன்னு நோட்டைப் பிரிச்சா.

ஓடிப் போயிரலாமான்னு இருந்துச்சு. தண்ணி குடிக்கிறியான்னு கேட்டேன். வேண்டாம்னா. விரலை வச்சா. நான் சொல்லிக் குடுத்த மாதிரி இல்ல, எழுத்து எழுத்தாத் தடவி, திரும்பப் பின்னால வந்து, நிஜமான தடுமாத்தம். "சி... ன்... ன... சின்ன... வ... னை. சின்னவனை." நிமிந்து என்னைப் பாத்தா. என் வாயி இருக்கே சார், எட்டு வருசப் பழக்கம், "சபாஷ்"னு சொல்லிருச்சு.

அவ மறுபடி குனிஞ்சா. "வர... வரச் சொல்லு." நின்னுட்டா. ரொம்ப நேரம் அந்த வரியிலயே விரல் நின்னுச்சு. அப்புறம் பக்கத்தைத் திருப்புனா. ஒவ்வொரு கேள்வியா வாசிச்சா. "வரமாட்டேன்னுட்டானா" வந்ததும் நெஞ்சுல கையை வச்சுக்கிட்டு, "ஐயோ, நான் ஆமான்னேனே. இதுக்கு நான் ஆமான்னேனே"ன்னா. அவ்வளவுதான். அழக்கூட இல்ல. நான் அவ தோள்ல கையை வச்சேன். தட்டிவிடல. பிடிச்சுக்கிடவும் இல்ல.

நோட்டை மூடுவான்னு பாத்தேன். மூடல. நான் எந்த இடத்துல மூடினேனோ அதுக்கு அடுத்த பக்கத்தைத் திருப்பிட்டா.

அதுல "நீ கழுதையா?"ன்னு பெருசா எழுதியிருந்தாரு. வேற ஒண்ணும் இல்ல, பக்கம் பூரா அது ஒண்ணுதான். சீனியம்மா ரெண்டு தடவை வாசிச்சுப் பாத்தா. "இதுக்கும் தலையாட்டுனேன் டீச்சர். அவரு சிரிச்சாரு, ஏன் சிரிக்காருன்னு நினைச்சேன்"னா. அடுத்த பக்கம்தான் கடைசி. வியாழக்கிழமை சாயங்காலம் எழுதினது. அதை வாசிக்க அவளுக்குக் கால் மணி நேரம் ஆச்சு. நான் ஒரு எழுத்துகூட எடுத்துக் குடுக்கல. எடுத்துக் குடுக்க எனக்குத் தகுதி இல்லைன்னு தோணுச்சு. அவ வாசிச்சதைச் சேத்துச் சொல்றேன், கேளுங்க.

"சீனி, கழுதைன்னு எழுதினதுக்கும் தலையாட்டுன. உனக்கு வாசிக்க வரல. கலெக்டரை ஏமாத்திட்ட. என்னையும் இத்தனை நாள் ஏமாத்திட்ட. அப்ப நீ சின்னவனுக்குச் சொல்லி விடல. அப்ப அவன் வரமாட்டேன்னு சொல்லல. எனக்கு அது போதும். நாளைக்கு டீச்சர் டவுன்ல இருந்து வாராங்க. இந்த நோட்டை அவங்ககிட்டக் குடு. ஒளிக்காம வாசிச்சுச் சொல்லுவாங்க."

"ஒளிக்காம"ங்கிற இடத்துல அவளுக்குச் சரியா வரல. "ஒளி... ஒளிக்... ஒளிக்காம"ன்னு மூணு தடவை வாசிச்சா. மூணு தடவையும் நான் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

முடிச்சிட்டு என்னைப் பாத்தா. "அன்னைக்கு நீங்க வேற மாதிரி வாசிச்சீங்க"ன்னா. கேள்வியாக் கேக்கல. ஆமா சீனியம்மான்னேன். அவ நோட்டை மூடினா. அப்புறம், "இந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் நீங்க அன்னைக்கு வாசிச்சிருந்தாக்கூட, சின்னவரு இந்த எட்டு மாசமா அண்ணன் தன்னைத் தேடவே இல்லைன்னு நினைச்சுக்கிட்டுக் கிடந்திருக்க வேண்டாம் டீச்சர்"னா. நான் அந்தப் பக்கத்தை அன்னைக்குத் திருப்பவே இல்லைன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. சொன்னா என்ன மாறப்போகுது?

நோட்டைத் துண்டுல சுத்தி மடியில வச்சுக்கிட்டு எந்திரிச்சா. எங்க போறன்னு கேட்டேன். ராஜபாளையம், சின்னவரு வீட்டுக்கு, நானே வாசிச்சுக் காட்டிட்டு வாரேன்னா. பதினோரு மணி வெயிலு. ரெண்டு பஸ் மாறணும். அவ தனியா அந்தப் பக்கமெல்லாம் போனதே இல்ல. "நானும் கூட வாரேன் சீனியம்மா, பஸ் ஏத்தியாவது விடுறேன்"னு செருப்பை மாட்டினேன்.

"வேண்டாம் டீச்சர். போர்டு பாத்து நானே ஏறிக்கிடுவேன்"னு சொல்லிட்டுப் போயிட்டா.